இரண்டாவது குரல்

பெரிய கம்பெனிகளுக்கென்று ஒரு வியாதி உண்டு. காசு சேர்ந்து, கிளைகள் பெருகி, கண்ணாடிக் கட்டடமும் எழும்பிவிட்டால், இனி நமக்கு ஒரு தத்துவம் வேண்டும் என்று அரிக்க ஆரம்பித்துவிடும். சோப்பு விற்பவர் மனசாட்சியைப் பற்றிப் பேசுவார். செருப்பு விற்பவர் மனிதகுலத்தின் நெடும்பயணத்தைப் பற்றிப் பேசுவார். நாம் பார்க்கப்போகிற கம்பெனி விற்றது வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும். அது பேசியது குரலைப் பற்றி.

அந்தக் கம்பெனியின் எந்தக் கிளைக்குப் போனாலும் ஒன்று தவறாமல் நடக்கும். நீங்கள் கல்லாவில் நின்று வேண்டியதைச் சொன்னதும், கல்லாவில் இருப்பவர் சமையலறைப் பக்கம் கழுத்தைத் திருப்பி, "ரெண்டு கோழி, ஒரு உருளை" என்று கூவுவார். உள்ளே இருப்பவர் அசைய மாட்டார். காதில் விழுந்திருந்தாலும் அசையக் கூடாது, விதி. கல்லாக்காரர் மறுபடியும், இன்னும் உரக்க, "ரெண்டு கோழி, ஒரு உருளை. காதுல விழுந்துச்சா?" என்பார். அதன் பிறகுதான் உள்ளே இருப்பவர், திரும்பிப் பார்க்காமலே, ஜல்லிக்கரண்டியைத் தலைக்கு மேல் ஒரு தடவை தூக்கிக் காட்டுவார். வேலை ஆரம்பமாகும்.

இதற்கு 'இருகுரல் மரபு' என்று பெயர். தலைமை அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு துறை, அதற்கு ஒரு தலைவர், அவருக்குக் கீழே ஒரு பட்டாளம். முதல் குரல் வாடிக்கையாளரின் வயிற்றுக்காம். இரண்டாவது குரல் அவருடைய ஆன்மாவுக்காம். முதல் குரலுக்கு அசையாமல் நிற்பது தியானமாம். கரண்டி மேலே போவது கம்பெனியின் வளர்ச்சியாம். நிர்வாகப் படிப்பு படிக்கிற பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து இதையெல்லாம் வாய் பிளந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

உண்மை என்னவென்றால், நிறுவனரின் மனைவிக்கு இடது காது கேட்காது. அவ்வளவுதான் விஷயம்.

சின்ன வயதுக் காய்ச்சலில் போன காது. பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில், கதவு அகலத்துக்கு ஒரு கடை. முன்னால் பலகை போட்டு அவர் நிற்பார். பின்னால் அடுப்போடு அவள். அடுப்பை வேறு எங்கேயும் வைக்க இடமில்லாததால் கேட்காத காதுதான் அவர் பக்கம் இருந்தது. போதாக்குறைக்கு எண்ணெய்ச் சட்டியின் இரைச்சல். முதல் தடவை சொல்வது காற்றோடு போகும். இரண்டாவது தடவை அவர் எரிச்சலோடு கத்துவார். அவள் கரண்டியைத் தூக்குவாள். 'கேட்டுச்சு, ஊரைக் கூட்டாதே' என்று அதற்கு அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆள் இதைப் பார்த்து, தொழில் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று கற்றுக்கொண்டான். இரண்டாவது கடை திறந்தபோது அங்கே போய், இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற சமையல்காரரிடம் இரண்டு தடவை கத்தினான். மூன்றாவது கடையில் அது வழக்கமாகிவிட்டது. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தால் யார் எதைக் கேட்கிறார்கள்?

சந்தில் அவரை வறுவல்காரர் என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம். அவருக்கும் அதுதான் பிடிக்கும். கம்பெனி அவருக்கு வைத்திருந்த பெயர் 'நிரந்தர கௌரவ நிறுவனர்'. பட்டம் ஒரு முழம் நீளம் இருந்தாலும் தலைமை அலுவலகத்தில் அதற்கு ஒரு நாற்காலி கிடையாது. பங்குகளெல்லாம் எப்போதோ யார் யார் கைக்கோ போய்விட்டன. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. மனைவியோடு வீட்டில் சண்டை போட நேரம் கிடைத்ததே என்றுதான் நினைத்தார்.

அந்த மனைவி போன வருடம் இறந்துவிட்டாள்.

அதிலிருந்து அவர் தினமும் காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிளைக்குப் போய்ச் சுவரோர மேசையில் உட்கார்ந்துவிடுவார். காபிக்காகப் போகிறார் என்று மகள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காபியை வாயில் வைக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். அந்தக் காபிக்கு ஒப்புதல் கொடுத்ததே அவர்தான்.

அவர் போனது அந்தச் சத்தத்துக்காக. கல்லாவில் நிற்கிற பெண் இரண்டாவது தடவை, "காதுல விழுந்துச்சா?" என்று கத்தும்போது, அது தன் மனைவியைத்தான் கேட்கிறது என்று அவருக்கு இருக்கும். உள்ளே ஒரு கரண்டி மேலே போகும். மனசு கொஞ்சம் ஆறும். எத்தனை ஊரில் எத்தனை கடை, எத்தனை வாய். அத்தனையும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒருத்தி செத்துப்போன பிறகும் இத்தனை பேர் விடாமல் கூப்பிட்டால், அவள் முழுசாகப் போய்விட்டாள் என்று எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை. வீட்டில்தான் அவள் இல்லை, கடையில் இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டார். ஆனால் கத்துகிறவர்களுக்கு யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியவில்லையே என்ற ஒரு குறை மட்டும் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மரபுத் துறைத் தலைவர் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். எப்போதும் கோவிலுக்குள் நுழைகிற முகத்தோடு இருப்பவர்.

"ஐயா, உங்க வாழ்க்கை தயாராயிருச்சு," என்றார்.

"ஆயிருச்சா? நான் இன்னும் முடிக்கலையே தம்பி."

"அதையெல்லாம் நாங்க முடிச்சுட்டோம் ஐயா."

வறுவல்காரர் புரட்டிப் பார்த்தார். இளமையில் அவர் ஒரு மலையடிவாரத்தில் தனியாக நின்று கூவினாராம். மலை அதைத் திருப்பிச் சொன்னதாம். அந்தக் கணத்தில் இருகுரல் மரபு அவருக்குள் பிறந்ததாம். அவர் தன் வாழ்நாளில் மலை பக்கமே போனதில்லை. கடையை யார் பார்ப்பது?

"எங்க வீட்டுக்காரி எங்கப்பா?"

"இருக்காங்களே. கடைசிப் பக்கம் பாருங்க."

கடைசிப் பக்கத்தில், அவருடைய உயரத்துக்கும் ரத்தப் பிரிவுக்கும் நடுவில், 'இல்லறம்: உண்டு' என்று போட்டிருந்தது.

"பேரு?"

"பேரு போட்டா, யாரு இவங்கன்னு கேப்பாங்க. யாருன்னு சொன்னா, என்ன செஞ்சாங்கன்னு கேப்பாங்க. நாங்க ஆய்வு பண்ணிப் பார்த்தோம் ஐயா. ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்சாங்கன்னு சொன்னா ஜனங்களுக்கு அது கடை. ஒரே ஆள் ஆரம்பிச்சார்னு சொன்னா அது கனவு. கனவுக்கு விலை கொஞ்சம் கூடப் போடலாம்."

"கோழிய வறுத்ததே அவதான்யா. நான் வெளிய நின்னு கத்துனேன், அவ்வளவுதான்."

"அது உங்க பெருந்தன்மை," என்று சொல்லிய துறைத் தலைவர், மறக்காமல் 'பெருந்தன்மை' என்று குறித்துக்கொண்டார். அடுத்த பதிப்பில் சேர்ப்பதற்காக.

மருந்துக்கடை வைத்திருக்கிற மகளிடம் அவர் இதைச் சொன்னார். அவள் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"விட்டுடுங்கப்பா. அம்மாவே பேரு வேணும்னு ஒருநாளும் கேட்டதில்ல."

"அவ எதைத்தான் கேட்டா? எனக்கு வேணும். எனக்குத்தான் வேணும்."

"வேணும்னா என்கிட்ட சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சா போதாதா? அவங்ககிட்ட சொன்னா ஏதாவது ஏடாகூடமா பண்ணி வைப்பாங்கப்பா."

அவர் கேட்கவில்லை. நிறுவனர் நாள் வந்துகொண்டிருந்தது. மேடையில் அவர் இருகுரல் மரபைச் செய்துகாட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அந்த மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டார்.

மேடையில் கூவுவதற்கு ஒரு சிக்கல் இருந்தது. கம்பெனியின் பயிற்சிக் கழகத்தில் தேறாதவர்கள் பொது இடத்தில் இருகுரல் எழுப்பக் கூடாது. நிறுவனருக்கு விலக்கு உண்டா என்று விதிப்புத்தகத்தைப் பார்த்தார்கள், இல்லை. ஆகவே வறுவல்காரர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளோடு வரிசையில் நின்று, நெஞ்சில் ஒரு அட்டையைக் குத்திக்கொண்டு, உள்ளே போனார். சுவரில் அவருடைய படம் ஆளுயரத்துக்கு இருந்தது. அதில் அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர் நல்ல பெண். தன் வேலையில் உயிரையே வைத்திருந்தவர். சந்துக் கடையில் யாரோ எப்போதோ பதிவு பண்ணிய ஒரு பழைய ஒலிநாடாவைத் தினமும் போட்டுக் கேட்டு, அதிலிருந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் படமாக வரைந்து பாடமாக்கி வைத்திருந்தார். வறுவல்காரர் கூவிக் காட்டினார். பயிற்சியாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"முதல் குரல் பரவாயில்ல ஐயா. ரெண்டாவதுலதான் எரிச்சல் பத்தல. நிறுவனர் எரிச்சல்னு ஒண்ணு இருக்கு. சுர்ருன்னு மேல ஏறணும், கடைசில அன்பா இறங்கணும். உங்களுக்கு ஏறவே மாட்டேங்குது."

"நான்தாம்மா அந்த நிறுவனர்."

"தெரியும் ஐயா. அதனாலதான் உங்ககிட்ட இன்னும் கொஞ்சம் எதிர்பார்க்கிறோம்."

அவர் மறுபடி முயன்று பார்த்தார். வரவில்லை. வெறும் சுவரைப் பார்த்து யாருக்கு எரிச்சல் வரும்?

"யார் மேல எரிச்சல்படறது? அங்க ஆளில்லையேம்மா," என்றார்.

"இருக்கிற மாதிரி நினைச்சுக்கணும் ஐயா. நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்யறோம்."

நினைத்துப் பார்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டு, புகையில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் நின்றாள். அவர் வாயைத் திறந்தார், சத்தமே வரவில்லை. தொண்டையை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் அதையும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்துத் தொண்டையை அடைத்துப் பழகினார்கள். கடைசியில் அவருக்குக் கருணை மதிப்பெண் போட்டுத் தேற்றிவிட்டார்கள்.

நிறுவனர் நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. நிர்வாக இயக்குநர் பேசினார்.

"நம்ம போட்டிக்காரங்க ஒரு தடவை சொல்றாங்க. நாம ரெண்டு தடவை சொல்றோம். ஏன்? எனக்குத் தெரியாது. எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் தெரியாது. தெரியாததுதான் அதோட பெருமை. காரணம் தெரிஞ்ச காரியத்தை எந்தக் கழுதையும் செய்யும். காரணமே தெரியாம, ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்காம, இத்தனை வருஷமா இத்தனை பேர் ஒரே மாதிரி கத்திக்கிட்டிருக்கோமே, இதுக்குப் பேர்தான் நிர்வாகம்."

மேடை ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். விளக்கு அணைந்ததும் நிறுத்தினார்கள்.

பிறகு வறுவல்காரரை ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கோழி, உருளை என்று ஆரம்பிக்க வேண்டிய மனிதர் வேறு எதையோ ஆரம்பித்தார்.

"எனக்கு மலையெல்லாம் தெரியாதுங்க. எங்க வீட்டுக்காரிக்கு இடது காது கேக்காது. ஒரு தடவை சொன்னா விழாது, அதனால ரெண்டு தடவை சொன்னேன். நீங்க எல்லாரும் தினம் கூப்பிடறது அவளத்தான். பத்திரிகைக்காரங்க வந்து தனி ஆளாவா ஆரம்பிச்சீங்கன்னு கேட்டப்பல்லாம் நான் தலையாட்டிட்டேன். அவ உள்ள எண்ணெய்ச் சட்டிகிட்ட இருப்பா, அவளுக்குக் கேக்காதுங்கிற தைரியம். இப்ப சொல்றேன். அவதான் வறுத்தா. அவதான் கடை." அவளுடைய பெயரை அவர் ஒலிவாங்கியில் சொன்னார். வாழ்நாளில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இந்தா', 'உன்னத்தான்' என்றே காலத்தை ஓட்டிவிட்டார். பெயரைச் சொன்னதும் அவருக்கே கூச்சமாக இருந்தது.

மண்டபம் கப்சிப்பென்று ஆனது. விளக்கைப் போடுகிறவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பச்சையைப் போட்டார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் இயக்குநர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வறுவல்காரர் அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார். "சொல்லிட்டேன்மா," என்றார் மகளிடம். அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

கொஞ்ச நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நீளமான மேசை. நிர்வாக இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பேச்சுல நாங்க அப்படியே நெகிழ்ந்துட்டோம் ஐயா. நெகிழ்ந்துபோய் உடனே ஒரு குழு போட்டோம்."

"குழு எதுக்குங்க? பேரு ஒண்ணு எழுதினா போதும்."

"பேருக்கு வர்றேன். குழு என்ன சொல்லுதுன்னா, காரணம் தெரியாத வரைக்கும் ஒரு விஷயம் மரபு. அதுல யாரும் கை வைக்க முடியாது. காரணம் தெரிஞ்சுபோச்சுன்னா அது வெறும் ஏற்பாடு. ஏற்பாடுன்னா அதுக்கு இன்னும் தேவை இருக்கான்னு பார்க்கணும். பார்த்தோம் ஐயா. தேவை போன வருஷம் காலமாயிட்டாங்க. எங்க ஆழ்ந்த அனுதாபங்கள்."

வறுவல்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கேட்டார்:

"அப்ப இனிமே கூப்பிட மாட்டீங்களா?"

"எதுக்கு ஐயா கத்தணும்? எவ்வளவு மூச்சு வீணாப் போகுதுன்னு கணக்கு எடுத்திருக்கோம். அதுவும் போக, காது கேக்காதவங்களக் கேலி பண்றோம்னு நாளைக்கு யாராவது வழக்குப் போட்டா? நம்ம வக்கீல் பயந்துட்டார்."

மேசையின் கோடியில் வக்கீல் பயந்த முகத்தோடு தலையாட்டினார்.

வறுவல்காரர் எழுந்து நின்றார். அவர் அடுத்து சொன்னதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

"நான் சொன்னது பொய்ங்க," என்றார். "மலைதான் நிஜம். மலையடிவாரத்துலதான் நின்னேன். எதிரொலி வந்துச்சு. புத்தகத்துல இருக்கிறதெல்லாம் சரி. எங்க வீட்டுக்காரிக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும். அவ கடைப்பக்கமே வந்ததில்ல. வயசாயிருச்சு, மேடையில ஏதோ உளறிட்டேன். அவ பேரு எங்கயும் வேண்டாம். கூப்பிடறத மட்டும் நிறுத்தாதீங்க."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மரபுத் துறைத் தலைவருக்குத் துறையே போய்விடுமே என்ற கவலையில் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அவர்தான் சொன்னார்: "உங்க நேர்மைய நாங்க ஒருநாளும் சந்தேகப்பட மாட்டோம் ஐயா."

"பேரு விஷயமும் முடிஞ்சுது," என்றார் நிர்வாக இயக்குநர், பரிசு கொடுக்கிற குரலில். "கல்லாவுல பொத்தானை அமுக்கினா சமையலறையில திரை காட்டும். சத்தமே இல்ல. அந்தத் திரைக்கு அம்மா பேரையே வச்சுட்டோம். எல்லாக் கிளையிலயும். நீங்க ஆசைப்பட்டதுதானே?"

ஆசைப்பட்டதுதான். அதை அவர் மறுக்க முடியாது.

வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் திரையைத் திறந்துவைக்க அவரையே கூப்பிட்டார்கள். மகளும் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தாள். நாடா வெட்டினார்கள். நிர்வாக இயக்குநர், "இனி இந்த நிறுவனத்துல யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்ல," என்று பெருமையோடு சொல்லிவிட்டு, அடுத்த கிளையின் திரையைத் திறக்கக் காரில் ஏறிப் போனார். திரையின் தலையில் அவளுடைய பெயர் நீல எழுத்தில் எரிந்தது. எழுத்துப்பிழை இல்லாமல்தான் போட்டிருந்தார்கள்.

வறுவல்காரர் சுவரோர மேசையில் உட்கார்ந்தார். அவர் முன்னால் ஒரு தட்டு கோழியை வைத்தார்கள். கூட்டம் வந்தது. கல்லாப் பெண் பொத்தானை அமுக்கினாள். உள்ளே திரை மின்னியது. சமையல்காரர் அதை ஏறிட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். கரண்டி எண்ணெயை விட்டு மேலே வரவில்லை. அடுத்த ஆள், அடுத்த ஆள், எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. அவர் காத்துக்கொண்டே இருந்தார். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

"போலாமாப்பா?" என்றாள் மகள்.

அவர் அழ ஆரம்பித்தார். மனைவி இறந்த அன்று அழாதவர், சுடுகாட்டிலும் அழாதவர், வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மனிதர், அந்த மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். மகள் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

வாடிக்கையாளர் அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று கம்பெனியில் விதி உண்டு. கேள்வி கேட்காமல் தட்டை மாற்றிவிட வேண்டும். கல்லாப் பெண் ஓடிவந்து ஆறிப்போன தட்டை எடுத்துவிட்டுச் சுடச்சுட வேறு தட்டு வைத்தாள். அவர் அழுகை நிற்கவில்லை. அதையும் எடுத்துவிட்டு இன்னொன்று வைத்தாள். அதற்கும் நிற்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் கோழியைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். மறுபடியும் அவள் தட்டோடு வந்தபோது மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தட்டு வேண்டாம்மா. சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல."

"பின்ன ஏங்க ஐயா அழறாரு?"

"எங்கம்மா இறந்துட்டாங்க."

தினமும் பார்க்கிற பெரியவர். அவர் வீட்டில் இப்படி ஒன்று என்று கேட்டதும் அந்தப் பெண் பதறிப்போய்த் தட்டை மேசையில் வைத்தாள்.

"ஐயோ, எப்பங்க?"

வறுவல்காரர் தலையை நிமிர்த்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத்தாம்மா," என்றார்.